மடித்து வைத்த வரி

அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. டீச்சரைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்கப் புறப்பட்ட காரின் பின்சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். கொன்றது நான்தான் என்பது எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

மூன்று நாளாக இதை யாரிடமும் சொல்லாமல் சுமந்தேன். இப்போது வீடு தூங்கிவிட்டது. உங்களிடம் சொல்கிறேன்.

காரை ஓட்டியது சிட்டு. பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். ஆள் உட்கார்ந்தால் கார் அந்தப் பக்கமாகச் சாயும். பக்கத்தில் அவனுடைய பாஸ், துப்பறியும் மேடம். முன்பு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பொய் கேட்டுக் கேட்டுக் காது பழுத்தவர் என்று அம்மா சொன்னாள். அவரைப் பிடித்துக்கொண்டு வந்ததே அம்மாதான்.

"பாஸ், மத்தியானம் மூணு மணிக்கு பையனைக் கோர்ட்ல நிறுத்துறாங்க. நம்ம கையில என்ன இருக்கு?"

"ஒரு தாள்."

"அதுவும் போலீஸ் கொடுத்த ஜெராக்ஸ். ஜோரா இருக்கு."

மேடம் தாளைப் பின்னால் நீட்டினார். "உன் அண்ணன் செஞ்ச டாஷ்போர்டுதானே இது? எனக்குப் புரியிற மாதிரி சொல்லும்மா."

சொன்னேன்.

அண்ணன் வேலை பார்ப்பது ஓர் ஆய்வு நிலையத்தில். மருத்துவமனைகள் அனுப்பும் பெரிய பெரிய பட்டியல்களை அங்கே இருக்கும் இயந்திரங்கள் அலசும். இயந்திரத்திடம் கொடுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஜாப் என்று பெயர். யாருடைய ஜாப் ஓடுகிறது, யாருடையது நின்றது என்று கூடத்துச் சுவரில் ஒரு பெரிய திரை காட்டும். அதுதான் டாஷ்போர்டு. பழைய டாஷ்போர்டில் ஒரு ஜாப்பைப் பத்துத் தடவை ஓட்டினால் பத்து வரி வரும். நானூறு வரிக்குள் தன்னுடையதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் எல்லோருக்கும் போதும் போதும் என்றாகிவிடும். அண்ணன் அதைத் திருத்தினான். ஒரு ஜாப்புக்கு ஒரே வரி. எத்தனை தடவை ஓட்டினாலும் எல்லாம் அந்த வரிக்குள்ளேயே மடிந்துகொள்ளும். வார்த்தைகளையும் எடுத்துவிட்டு நிறம் வைத்தான். ஓடினால் மஞ்சள், முடிந்தால் பச்சை, தோற்றால் சிவப்பு, நடுவில் நிறுத்தினால் சாம்பல்.

"டீச்சருக்கு அது பிடிக்கலை," என்றேன். "திங்கட்கிழமை எல்லாரும் இருக்கும்போதே அண்ணனைத் திட்டினாங்க. எதையும் மடிக்காதேடா, மடிச்சா தப்பும் சேர்ந்து மடிஞ்சிரும்னு."

டீச்சர் உண்மையில் டீச்சர் இல்லை. அங்கே மூத்த ஆய்வாளர். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"அந்தத் திட்டுதான் கொலைக்குக் காரணம்னு போலீஸ் எழுதியிருக்கு," என்றார் மேடம்.

"திட்டுக்குக் கொலைன்னா நான் இதுவரை உங்களை நாப்பது தடவை கொன்னிருக்கணும் பாஸ்."

மேடம் சிரிக்கவில்லை. தாளில் ஒரு வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தது. அண்ணன் பெயர். இடம்: சர்வர் ரூம். நேரம்: செவ்வாய் மாலை 7:42. இயந்திரங்கள் இருக்கும் அந்த அறையில் தீயை அணைக்கும் வாயு திறந்தது 7:50-க்கு. அந்த வாயு தீயை மட்டும் அணைப்பதில்லை, மூச்சையும் அணைத்துவிடும். உள்ளே டீச்சர் இருந்தார். எட்டு மணிக்கு காவலாளி பார்த்தபோது கதவின் உள்பக்கம் முழுக்க விரல் தடங்கள்.

அண்ணனிடம் போலீஸ் கேட்டது ஒரே கேள்வி. அவன் சொன்னது ஒரே பதில். "ஆமா, நான்தான் ஓட்டினேன்." அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

அதுதான் எனக்கு விளங்கவில்லை. அவன் ஓட்டவில்லை என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

*

கூடம் குளிராக இருந்தது. பன்னிரண்டு மேஜைகள், பாதி காலி. டீச்சர் மேஜையில் யாரோ அவருடைய கண்ணாடிக் கூட்டை மூடி வைத்திருந்தார்கள். சுவர்த் திரையில் வண்ண வண்ணமாக வரிகள்.

மேலாளர் எழுந்து வந்து கைகூப்பினார். சட்டைக் கை மடிப்புகூடக் கலையாத மனிதர். என் தலையில் கை வைத்து, "பாவம், சின்னப் பொண்ணு. இதை எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தீங்க?" என்றார்.

"வீட்ல அழுதுட்டு இருக்கிறதுக்கு இங்க இருக்கட்டுமேன்னு," என்றார் மேடம். "செவ்வாய்க்கிழமை நீங்க எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

"ஆறு மணிக்கு. விஷயம் தெரிஞ்சதே வீட்ல இருக்கும்போது போன் வந்துதான்."

"இந்த டாஷ்போர்டு உங்களுக்குப் பழக்கமா?"

"ஐயோ, அதை விடுங்க. அந்தப் பையன் மாத்தினதிலிருந்து எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை. பழசையே திரும்பப் போடச் சொல்லிட்டேன். பன்னிரண்டு மணிக்கு எல்லாத்தையும் துடைச்சிடுவாங்க."

"எல்லாத்தையும்னா?"

"புதுசுல இருக்கிறதையெல்லாம். போலீசுக்கு வேணுங்கிறதை நான் அன்னைக்கே பிரிண்ட் எடுத்துக் கொடுத்துட்டேனே."

சிட்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று முப்பத்தெட்டு. "நம்ம வீட்ல ஒட்டடை அடிக்கவே ஆறு மாசம் ஆகுது. இங்க என்ன சுறுசுறுப்பு!"

மேலாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேடத்துக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். "மறைக்க என்னம்மா இருக்கு? ராத்திரி ஏழே முக்காலுக்கு அந்த ரூம்ல அவனுக்கு என்ன வேலை? ஜாப்பை ஓட்டியிருக்கான். நாலு நிமிஷத்துல நிறுத்தியிருக்கான். அந்த நேரம் பார்த்து அந்தம்மா உள்ள போயிருக்காங்க. பழைய கோபம். வெளியே வந்து கதவைப் பூட்டிட்டு வாயுவைத் திறந்துட்டான். வயசுக் கோளாறு."

மேடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிட்டுவிடம் நீட்டினார்.

"இதுல அந்த வரி என்ன நிறம்?"

"சாம்பல், பாஸ்."

"மத்த வரியெல்லாம்?"

"அதுவும் சாம்பல். இது கறுப்பு வெள்ளை பிரிண்ட். இந்தத் தாள்ல வானவில்லே வந்தாலும் சாம்பல்தான்."

"நின்னுபோச்சுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"இல்லை."

"நாலு நிமிஷம்னு?"

"ஏழு நாப்பத்திரண்டுன்னு ஒரே ஒரு நேரம்தான் இருக்கு."

மேலாளர் சிரித்தார். "திரையில பார்த்தேன்மா. சாம்பல்னா நிறுத்தினதுன்னு யாரோ சொன்னாங்க."

"திரையிலயும் ஒரு நேரம்தான் இருக்கு," என்றார் மேடம். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரி, விடுங்க. அஞ்சு நிமிஷம் கொடுங்க. இந்தப் பொண்ணுக்குத் தண்ணி கொடுத்துட்டு வரேன்."

*

நடைபாதையில் தண்ணீர் எந்திரத்துக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார். கையில் தண்ணீர் கொடுக்கவில்லை.

"அந்த ஆள் நாலு நிமிஷம்னு சொன்னப்ப, நீ தலையாட்டினே."

நான் நடைபாதையின் கோடியைப் பார்த்தேன்.

"நாலு நிமிஷம்னு தெரிஞ்சவங்க அந்தக் கூடத்துல ரெண்டு பேர். ஒருத்தர் வாய்விட்டுச் சொன்னார். இன்னொருத்தி ஆமான்னா. உனக்கு எப்படித் தெரியும்?"

சிட்டு நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றான். ஓட இடமில்லை. எனக்கு ஓடவும் தோன்றவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் அழுகை மொத்தமாக வந்தது.

"நான்தான் மேடம் ஓட்டினேன். வீட்லேருந்து."

அண்ணன் எதைச் செய்தாலும் முதலில் என்னிடம்தான் காட்டுவான். தன் பழைய லேப்டாப்பையும் பாஸ்வேர்டையும் கொடுத்து, கண்டபடி அமுக்கிப் பார், எங்கே குழம்புகிறதோ எழுதி வை என்பான். அது விளையாட்டுக்கு வைத்த நகல் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை டியூஷன் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேராக வீட்டுக்குப் போய் அதைத் திறந்தேன். அண்ணன் பெயரில் ஒரு வரி சிவப்பாக இருந்தது. பக்கத்தில் ‘மறுபடி ஓட்டு’ என்று ஒரு பட்டன். அமுக்கினேன். மஞ்சளானது. பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே சாம்பலாகிவிட்டது. ஏன் என்று அண்ணனிடம் கேட்பதற்காக நேரத்தை நோட்டில் எழுதி வைத்தேன். 7:46.

"மறுநாள் காலைல டீச்சர் செத்துட்டாங்கன்னு... அது நிஜ இயந்திரம்னு அப்பதான் தெரிஞ்சுது. நான் ஓட்டினதால சூடாகி, தீன்னு நினைச்சு வாயு தானா திறந்திருக்கும். நான்தான் மேடம். லேப்டாப்பைத் துணிப் பெட்டிக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன்."

மேடம் குனிந்து என் முகவாயை நிமிர்த்தினார். "இங்க பாரு. அந்த வாயு தானா திறக்கலை. கதவுக்கு வெளியே ஒரு கைப்பிடி இருக்கு. அது அசையாம இருக்கச் செருகின ஊசியை உருவி, கையால இழுத்திருக்காங்க. கதவை வெளியிலேருந்து பூட்டியிருக்காங்க. போலீஸ் எடுத்த போட்டோ என்கிட்ட இருக்கு. சூடாவது மண்ணாவது."

"அப்ப அண்ணன் ஏன் தான் ஓட்டினேன்னு சொல்றான்?"

"அதைத்தான் நானும் மூணு நாளா யோசிச்சேன். தினம் சாயங்காலம் நீ டியூஷன் முடிஞ்சு எங்க போவே?"

"இங்கதான். அண்ணன்கூட வீட்டுக்குப் போக. சர்வர் ரூம்ல இருந்தான்னா உள்ளேயே போயிருவேன். கதவைத் திறக்க ஒரு கார்டு கொடுத்திருக்கான்."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது.

"அன்னைக்கு அவன் சீக்கிரம் கிளம்பி உன் டியூஷன் வாசல்ல எட்டே கால் வரைக்கும் நின்னிருக்கான்," என்றார் மேடம். "போலீஸ் பிடிக்கிறதுக்கு முன்னாடி உங்கம்மாகிட்ட சொன்னது அது. பார்த்த சாட்சி ஒருத்தரும் இல்லை. நீ வரலை. அவன் பாஸ்வேர்டு தெரிஞ்சது உனக்கு மட்டும்தான். தாளைக் காட்டாம, சர்வர் ரூம்லேருந்து ஓட்டினது நீதானேன்னு போலீஸ் கேட்டிருக்கு. அவன் என்ன நினைச்சிருப்பான்?"

அந்த ரூமுக்குப் போனது நான் என்று. நான் என்னைப் பற்றி நினைத்ததைவிடப் பயங்கரமாக அவன் என்னைப் பற்றி நினைத்திருக்கிறான். நினைத்தும், தான்தான் என்று சொல்லியிருக்கிறான்.

"பாஸ்," என்றான் சிட்டு. முதல் தடவையாக அவன் குரலில் கிண்டல் இல்லை. "பதினொன்னு அம்பது."

மேடம் நடந்துகொண்டே கேட்டார். "நீ வீட்லேருந்து அமுக்கினா, தாள்ல ஏன் சர்வர் ரூம்னு வருது?"

"திங்கட்கிழமை அண்ணன் அங்கேருந்துதான் முதல்ல ஓட்டினான். மடிச்ச வரியில பேரும் இடமும் முதல் தடவையோடது. நேரம் மட்டும் கடைசித் தடவையோடது."

"தலை ஒரு நாளோடது, கால் இன்னொரு நாளோடது. அதை முழு மனுஷன்னு நினைச்சு போலீஸ் பிடிச்சிருக்கு. மடிச்சதைப் பிரிக்க முடியுமா?"

"வரிக்கு முன்னாடி குட்டியா ஒரு முக்கோணம் இருக்கும். யாருமே கவனிக்க மாட்டாங்க. அண்ணன் பாஸ்வேர்டு போட்டு அமுக்கினா விரியும்."

*

திரைக்குக் கீழே இருந்த கணினியை நோக்கி நான் போனபோது மேலாளர் குறுக்கே வந்தார். "வெளியாள் யாரும் அதைத் தொடக்கூடாது. விதி."

சிட்டு அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தான். நாற்காலி முனகியது. "சார், எனக்கும் விதிதான். உக்காந்தா சுலபமா எழுந்திரிக்க வராது. நீங்க வேணா சுத்திக்கிட்டு வாங்க."

ஒரு பக்கம் மேஜை, ஒரு பக்கம் சுவர். சுற்றிக்கொண்டு வர வழியே இல்லை.

அவசரத்தில் பாஸ்வேர்டு இரண்டு தடவை தப்பாகப் போயிற்று. மூன்றாவது தடவை திறந்தது. கடிகாரம் பதினொன்று ஐம்பத்தாறு. அந்த வரியைத் தேடினேன். சாம்பல் நிறம். முக்கோணத்தை அமுக்கினேன்.

சுவர் முழுக்க விரிந்தது. கூடத்தில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

மேடம் ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தார். "திங்கள், மூணு தடவை. ஓட்டினது இவ அண்ணன், சர்வர் ரூம்லேருந்து. மூணும் தோல்வி. நாலாவது, செவ்வாய் 7:42. இடம், வீட்டு லேப்டாப். நிறுத்தினது 7:46. எங்கேருந்து? சர்வர் ரூம். யாரு?"

சுவரில் மேலாளரின் பெயர் ஓரடி உயரத்துக்கு நின்றது.

"சிட்டு, இதைப் போட்டோ எடு. இன்ஸ்பெக்டருக்கு போன் போடு."

"எடுத்தாச்சு. போட்டாச்சு. வந்துட்டிருக்கார்."

மேலாளர் திரையிலிருந்து பார்வையை எடுத்தார். "என் பாஸ்வேர்டை யாராவது திருடி..."

"திருடினவன் உங்ககிட்ட வந்து நாலு நிமிஷம்னு சொல்லிட்டா போனான்?" என்றார் மேடம். "அது என்ன ஜாப்னு விரிஞ்ச வரியிலேயே இருக்கு. குழந்தைங்களுக்குக் கொடுக்கிற ஒரு மருந்து. அதைக் குடிச்சு எத்தனை பேர் செத்தாங்கங்கிற பட்டியல். அன்னைக்கு யாருமில்லாத நேரத்துல பின்படி வழியா வந்து அதை அழிக்கப் பார்த்தீங்க. திடீர்னு ஜாப் ஓட ஆரம்பிச்சுது. ஜாப் படிச்சிட்டிருக்கிற பட்டியலை யாராலயும் அழிக்க முடியாது. சரியா?"

பக்கத்து மேஜைக்காரர் தன்னை அறியாமல் "ஆமா" என்றார்.

"அடுத்தவங்க ஜாப்பை நிறுத்துற அதிகாரம் மேலாளருக்கு மட்டும்தான். வேற வழியில்லாம உங்க பேர்லயே நிறுத்தினீங்க. மடிச்ச வரியில நிறுத்தினவர் பேர் வராதுங்கிற தைரியம் வேற. திரும்பினா வாசல்ல டீச்சர் நிக்கிறாங்க."

மேலாளர் டீச்சருடைய நாற்காலியில் உட்கார்ந்தார். அது யாருடைய நாற்காலி என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"அவங்க கிளம்பிட்டாங்கன்னு நினைச்சேன்," என்றார், யாரிடமோ சொல்வது போல. "கண்ணாடி வழியா பார்த்தேன். பையைத் தோள்ல மாட்டிட்டாங்க. விளக்கைக்கூட அணைச்சுட்டாங்க. பதினோரு குழந்தைங்க பேரைப் படிச்சுட்டு என்னைப் பார்த்தாங்க. ஒண்ணும் பேசலை. பேசியிருக்கலாம்."

வாசலில் நின்ற காவலாளி தலையில் அடித்துக்கொண்டார். "ஆமாங்க. போய்ட்டு வரேன்பான்னு என்கிட்ட சொல்லிட்டு அடி எடுத்து வச்சாங்க. அப்பதான் திரையில அந்தச் சிவப்பு மஞ்சளா மாறிச்சு. ‘யாருமில்லாத நேரத்துல யாருப்பா ஓட்டுறது’ன்னாங்க. பையை மேஜையில வச்சுட்டு உள்ள போனாங்க."

சிட்டு என்னைப் பார்த்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். அவனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் இருக்கும். இதற்கு இல்லை.

மேடம் தன் நோட்டை மூடினார். காவலாளி சொன்னதை அவர் எழுதவில்லை.

*

மாலை ஆறரைக்கு அண்ணனை விட்டார்கள். காவல் நிலையப் படியில் அம்மா அவனைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அவன் அம்மாவின் தோளுக்கு மேலே என்னைத்தான் பார்த்தான்.

"நீ அந்த ரூமுக்குப் போகவே இல்லையா?"

"இல்லண்ணா. டியூஷன் இல்லை. வீட்லதான் இருந்தேன்."

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். உள்ளங்கையால் கண்ணை அழுத்திக்கொண்டான். "மூணு நாளா உன்னை அந்த ரூமுக்குள்ளேயே பார்த்துட்டு இருந்தேன்டி."

அம்மா வண்டி பிடிக்கத் தெருமுனைக்குப் போனாள். அவள் காதுக்கு எட்டாத தூரம் போகும் வரை காத்திருந்தேன்.

"அண்ணா, இன்னொண்ணு இருக்கு. டீச்சர் வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க. நான் அமுக்கினதுல மஞ்சளாச்சு. அதைப் பார்த்துட்டுத்தான்..."

"தெரியும்."

"யார் சொன்னா?"

"காவலாளி இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னான். அவர் எனக்குப் படிச்சுக் காட்டினார்." அவன் குரல் தேய்ந்திருந்தது. "ஒரு தட்டுல ஓடிடுற மாதிரி அந்தப் பட்டனை வச்சது நான். நிஜமா ஓட்டணுமான்னு ஒரு கேள்வி கேட்க வச்சிருக்கலாம். பார்க்க அழகா இல்லைன்னு எடுத்துட்டேன். நிஜ இயந்திரத்தை உன் கையில கொடுத்ததும் நான்தான்."

தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. அம்மா முனையிலிருந்து கையசைத்தாள். வண்டி கிடைத்துவிட்டது.

அண்ணன் எழுந்தான். வண்டியின் பக்கம் போகாமல் படியேறினான்.

"எங்கண்ணா?"

"உள்ள பெஞ்சில டீச்சரோட பையன் உக்காந்திருக்கான். உன் வயசுதான் இருக்கும். அம்மா பையை மாட்டிக்கிட்டு எதுக்குத் திரும்பப் போனாங்கன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் கேட்டுட்டு இருக்கான். யாரும் பதில் சொல்லலை."

நான் தெருமுனையில் நின்ற வண்டியைப் பார்த்தேன். ஓடிப்போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டால் இந்த ஜென்மத்தில் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை.

"நான் சொல்றேன்," என்றான் அண்ணன். "நீ பக்கத்துல நின்னா போதும்."

"இல்ல," என்றேன். "அமுக்கினது நான்."

அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். நான் முதலில் உள்ளே போனேன்.